சங்கரதாஸ் சுவாமிகள்

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) தமிழ் நாடகாசிரியர். நடிகர்களைப் பழக்கிய வாத்தியார். தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்து, 24 வயதில் நாடகத்துக்கு வந்தார். இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் வேடங்களில் பெயரெடுத்த பின் நடிப்பை விட்டு, எழுதுவதிலும் பயிற்றுவதிலும் இறங்கினார். வளர்ந்த நடிகர்கள் பாடத்தை மீறி மேடையிலேயே இஷ்டத்துக்கு வாதாடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் சொன்னதைச் சொன்னபடி செய்யும் சிறுவர்களை நாடினார். 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் பின்னாளில் நாடக நடிகராகப் பெயர் பெற்ற டி. கே. சண்முகம் ஆறு வயதில் சேர்ந்தார். அவருக்காக ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஒரே இரவில் சுவாமிகள் எழுதி முடித்ததாகச் சொல்வார்கள். பக்கவாதம் தாக்கிய சுவாமிகள் 1922 நவம்பர் 13இல் புதுச்சேரியில் காலமானார்.

ஆனால் அவர் பெயர் இன்றும் நிலைத்திருப்பது அவர் விரும்பிய கட்டுப்பாட்டால் அல்ல. மதுரை வட்டாரத்து ஸ்பெஷல் நாடகத்தால். இதில் கம்பெனியும் கிடையாது, ஒத்திகையும் கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் ஒவ்வொருவரும் தனித்தனியே அட்வான்ஸ் வாங்கி, உசிலம்பட்டிப் பக்கமோ மேலூர்ப் பக்கமோ திருவிழா மேடையில் அன்றிரவுதான் சந்திக்கிறார்கள். விடிய விடிய சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ நடக்கிறது. இயக்குநர் இல்லாமல் இது எப்படி முடிகிறது? காட்சி வரிசை, பாட்டு விழும் இடம், தர்க்கம் தொடங்கும் இடம் எல்லாம் சுவாமிகளின் நாடகத்திலேயே இருப்பதால் முடிகிறது. எழுத்தே அங்கே இயக்குநர்.

புராணக் கதைகளைத்தானே பாட்டாக்கினார், புதிதாக என்ன படைத்தார் என்று கேட்கலாம். பம்மல் சம்பந்த முதலியாரின் உரைநடை நாடகங்களோடு வைத்துப் பார்த்தால் இந்தக் கேள்வி எழுவது இயல்பு. ஆனால் அறிமுகமில்லாத நாலு பேர் சேர்ந்து நடிக்க, எல்லோருக்கும் தெரிந்த கதை வேண்டும். ‘பவளக்கொடி’யும் ‘சத்தியவான் சாவித்திரி’யும் அதற்கு ஏற்றவை. பழமை இங்கே குறை அல்ல, தேவை. இன்றைய மேடையில் சினிமாப் பாட்டும் பபூனின் இரட்டை அர்த்தப் பேச்சும்தான் மிச்சம் என்பதும் பாதி உண்மைதான். வள்ளியும் நாரதரும் எந்த மெட்டில் மோதினாலும், அடுத்து வேடன் வரும் இடம் மாறுவதில்லை. மாறினால் எதிரே நிற்பவருக்கு அடுத்த வசனம் கிடைக்காது.