வலியும் மூளையின் ‘பசை’யும்

புண் ஆறிவிட்டால் வலியும் நின்றுவிட வேண்டும் என்றே நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் தழும்பு மறையத் தொடங்கிய பின்னும் ஆண்டுக்கணக்கில் வலியால் துடிப்போர் உண்டு. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிப்பதை நாட்பட்ட வலி என்பர் மருத்துவர். எக்ஸ்ரே படத்தில் ஒன்றும் தெரியாது. இரத்தப் பரிசோதனையிலும் குறை இராது. ‘எல்லாம் மனப்பிரமை’ என்ற பேச்சே இவர்களில் பலருக்குக் கிடைத்த மருந்து.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, பிலடெல்பியாவில் நரம்பில் காயமுற்ற வீரர்களைக் கவனித்தவர் சைலஸ் வெயர் மிட்செல். தோழர் இருவருடன் 1864இல் அவர் வெளியிட்ட நூல், காயம் ஆறிய பின்னும் கைகால் தீயாய் எரிந்த வீரர்களை வருணிக்கிறது. ஈரத் துணியை அவர்கள் கைவிடுவதில்லை. சிலர் பூட்ஸுக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டனர். மிட்செல் அவர்களை நம்பினார். போலி நோயாளிகளைக் கண்டுபிடிக்கும் வழிகளைப் பற்றி அதே ஆண்டில் கட்டுரை எழுதியவர்களும் இந்த மூவரே; எனவே எளிதில் ஏமாறுகிறவர்கள் அல்லர்.

மிட்செல் பார்த்தது நரம்பை. நரம்பணுக்களுக்கு இடையே நிரம்பியிருப்பதை அன்று எவரும் பொருட்படுத்தவில்லை. ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்கோ 1856இல் அதற்கு ‘நியூரோகிளியா’ என்று பெயரிட்டிருந்தார். கிளியா என்றால் கிரேக்க மொழியில் பசை. பெயரும் பசைபோலவே ஒட்டிக்கொண்டது. நரம்பணுக்களைத் தாங்கிப் பிடிப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை என்ற எண்ணம் நெடுங்காலம் நீடித்தது.

அந்தப் பசைக்குள் ஒரு காவலாளி இருப்பதை 1919இல் காட்டியவர் மாட்ரிட் நகரத்து பியோ டெல் ரியோ ஓர்டேகா. வெள்ளி உப்பால் மூளைத் திசுவுக்குச் சாயமேற்றும் புது முறையை அவர் வகுத்தார். அதில் மிகச் சிறிய ஓர் அணு தெளிவாகத் தெரிந்தது. அமைதியான காலத்தில் அது மெல்லிய கிளைகளைப் பரப்பி நிற்கும். மூளைக்குக் கேடு நேர்ந்தால் கிளைகளைச் சுருக்கி, உருண்டு, காயத்தை நோக்கி நகர்ந்து, சிதைந்தவற்றை விழுங்கும். இதுவே மைக்ரோகிளியா. இக்கண்டுபிடிப்பு, நோபல் பரிசு பெற்ற பேராசான் கஹாலுடன் அவருக்கு மனத்தாங்கலை உண்டாக்கியது. அடுத்த ஆண்டே கஹாலின் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. தாயகத்தில் உள்நாட்டுப் போர் மூண்டபின் நாட்டைவிட்டு அகன்று, 1945இல் புவனோஸ் அயர்ஸில் காலமானார்.

வலி ஆய்வு இவ்வணுவைத் தேடி வர வெகுகாலம் ஆயிற்று. 1965இல் மெல்சாக்கும் வாலும் முன்வைத்த புகழ்பெற்ற ‘வாயில் கொள்கை’யிலும் நரம்பணுக்களுக்கே வேலை. 1991இல் டெக்ஸாஸ் ஆய்வாளர்கள், எலியின் காலுக்கு இறங்கும் பெரிய நரம்பை இறுக்கியபோது, தொலைவில் தண்டுவடத்திலுள்ள கிளியா அணுக்கள் மாறுவதைக் கண்டனர். 2003இல் ஜப்பானில் கசுஹிதே இனோவே குழுவினர் இன்னும் ஒரு படி சென்றனர். கிளர்ச்சியூட்டிய மைக்ரோகிளியாவைக் காயமே படாத எலிகளின் தண்டுவடத்தில் செலுத்தினர். மெல்லத் தொட்டாலே அந்த எலிகள் காலை இழுத்துக்கொண்டன! கிளர்ந்த அணுக்கள் சுரக்கும் பொருள்கள் நரம்பணுக்களை எளிதில் தூண்டப்படுபவையாக ஆக்குகின்றன. இதனையே நரம்பு அழற்சி என்கிறோம். மூளைக்காய்ச்சலோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இதில் கிருமியும் இல்லை, காய்ச்சலும் இல்லை.

எலி இருக்கட்டும், மனிதர்? உயிரோடு இருப்பவரின் மூளையை அறுத்துப் பார்க்க இயலாது. கிளியா கிளர்ச்சியுறும்போது டி.எஸ்.பி.ஓ. என்ற புரதம் அவற்றில் பெருகும். அப்புரதத்தைப் பற்றிக்கொள்ளும் பொருளோடு கதிரியக்கக் கார்பனைச் சேர்த்து ஊசி மூலம் செலுத்தினால், அது சேருமிடம் படத்தில் ஒளிரும். அக்கார்பன் இருபது நிமிடத்தில் பாதியாகக் குறைவதால், தயாரித்த உடனே பயன்படுத்தியாக வேண்டும். பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் மார்க்கோ லோஜியா குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், நாட்பட்ட இடுப்புவலிக்காரர் பத்துப் பேரை வலியில்லாத ஒன்பது பேரோடு ஒப்பிட்டனர். உணர்ச்சிச் செய்திகளின் சந்திப்பான தலாமஸ், நோயாளிகளிடம் கூடுதலாக ஒளிர்ந்தது.

ஆனால் ஒரு புதிர். அதிகம் ஒளிர்ந்தவர்களுக்கு வலி குறைவாகவே இருந்தது. கிளர்ந்த கிளியா வலியை வளர்க்கிறதா, தணிக்க முயல்கிறதா? இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப இரண்டையும் செய்யக்கூடும் என்றே தோன்றுகிறது. மருந்துத் துறையும் இங்கே இடறியது. கிளியாவை அடக்கி எலிகளின் வலியைத் தணித்த புரோபென்டோஃபிலின், அக்கிக்குப் பின் தங்கும் வலியால் வாடும் மனிதர்களுக்குப் பயன்படவில்லை என்று 2012இல் அறிவிக்கப்பட்டது. போதாக்குறைக்கு, மைக்ரோகிளியாவின் பங்கு ஆண் எலிகளில்தான் என்றும், பெண் எலிகளில் வேறு தற்காப்பு அணுக்கள் அவ்வேலையைச் செய்கின்றன என்றும் 2015இல் தெரியவந்தது.

உடலெங்கும் வலிக்கும் ஃபைப்ரோமையால்ஜியா நோயாளிகளே, பெரும்பாலும் பெண்கள், மிக அதிகமாக ஐயுறப்பட்டவர்கள். 2019இல் ஸ்டாக்ஹோம், பாஸ்டன் ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட படங்களில் அவர்களது மூளைப் புறணியின் பல பகுதிகள் கூடுதலாக ஒளிர்ந்தன. ஆஸ்ட்ரோசைட் என்ற மற்றொரு வகைக் கிளியாவைக் காட்டும் பொருளைச் செலுத்தியபோது வேறுபாடு எதுவும் தென்படவில்லை. எனவே ஆய்வாளரின் பார்வை மைக்ரோகிளியாவின் மேல் விழுந்திருக்கிறது.