கழுத்தெலும்பும் உமிழ்நீரும்

கீழ்த்தாடை உள்வாங்கிய பிள்ளைக்கு, தாடையை முன்கொண்டுவரும் கருவியை எப்போது மாட்டுவது? ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் கிளார்க் 1977-ல் உருவாக்கிய 'ட்வின் பிளாக்' ஆனாலும் சரி, வேறெந்தக் கருவியானாலும் சரி, தாடை விறுவிறுவென்று வளரும் மாதங்களில் போட்டால்தான் முழுப் பலன். வளர்ச்சி நின்றபின் போட்டால் பற்கள் சாயும், தாடை நகராது. வயதை நம்பவும் வழியில்லை. ஒரே வகுப்பில் மீசை அரும்பியவனும் குழந்தை முகம் மாறாதவனும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

முன்பு இந்த வளர்ச்சிக் காலத்தை அறிய மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தார்கள். இன்று பெரும்பாலும் கழுத்தெலும்பே போதும். சிகிச்சைக்கு எப்படியும் எடுக்கும் பக்கவாட்டுப் படத்தில் கழுத்தின் இரண்டாம், மூன்றாம், நான்காம் எலும்புகள் தெரியும். சிறுவயதில் அவற்றின் அடிவிளிம்பு தட்டையாக இருக்கும். வளர வளர, இரண்டாவதில் தொடங்கி ஒவ்வொன்றாகக் குழியும். பல் சீரமைப்பு ஆய்வாளர்கள் பச்செட்டி, ஃபிராங்கி, மெக்நமாரா மூவரும் 2005-ல் வெளியிட்ட முறையில் ஆறு நிலைகள் உண்டு. மூன்றாம் நிலைக்கும் நான்காம் நிலைக்கும் இடையில் கீழ்த்தாடை வளர்ச்சி உச்சம் தொடும். எளிய, அழகான முறை. ஆனால் குழிவா தட்டையா என்பதைக் கண்தான் முடிவு செய்கிறது. ஒரே படத்தை இரண்டு மருத்துவர்கள் இரண்டு நிலைகளில் வைப்பதுண்டு. கதிர்வீச்சு சிறிதளவே என்றாலும், மாதாமாதம் பிள்ளையை எக்ஸ்ரே முன் நிறுத்த யாருக்கும் மனம் வராது.

உமிழ்நீருக்கு அந்தத் தயக்கம் வேண்டாம். சிறு குழாயில் துப்பினால் போதும். எலும்பு வளர்ச்சியைத் தூண்டும் ஐஜிஎஃப்-1, எலும்பைக் கட்டும் செல்கள் வெளியிடும் ஆல்கலைன் பாஸ்படேஸ் ஆகியவற்றை அதில் அளந்து பார்த்திருக்கிறார்கள். வளர்ச்சி நடந்தபின் பதியும் தடத்தைக் கழுத்தெலும்பு காட்டுகிறது. வளர்ச்சியை நடத்தும் பொருளையே உமிழ்நீரில் தேடலாம். என்னை ஈர்ப்பது இதுதான்.

ஆனால் ரத்தத்தில் உள்ள ஐஜிஎஃப்-1-ல் நூற்றில் ஒரு பங்குகூட உமிழ்நீரில் இல்லை. ஈறிலிருந்து கசியும் துளி ரத்தமே கணக்கைக் கெடுத்துவிடும். பல்லில் கம்பி கட்டிய பிள்ளைகளில் ஈறு வீங்காதவர் குறைவு. ஆல்கலைன் பாஸ்படேஸோ ஈறு நோயிலும் ஏறும். ஏறியது தாடையாலா ஈறாலா என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பல ஆய்வுகள் உமிழ்நீர் அளவைக் கழுத்தெலும்பு நிலையோடு ஒப்பிட்டே சோதித்தன. பார்ப்பவருக்குப் பார்ப்பவர் மாறும் அளவுகோலை வைத்துப் புதிய அளவுகோலுக்குச் சான்று தர முடியுமா? தாடையின் நீளத்தையே ஆண்டுதோறும் அளந்து ஒப்பிட வேண்டும்.

இன்றைக்குச் சிகிச்சையை முடிவு செய்யக் கழுத்தெலும்பையே நம்பலாம். உமிழ்நீரின் ஒற்றை அளவை நம்பிக் கருவி மாட்டக் கூடாது. ஒரே பிள்ளையிடம் பலமுறை எடுத்து ஏற்றத்தைத் தொடர்வதில்தான் அதன் எதிர்காலம் இருக்கிறது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிள்ளையின் உயரத்தைச் சுவரில் குறித்து, மருத்துவரிடம் சொல்லுங்கள். உயரம் வேகமாகக் கூடும் காலத்தை ஒட்டியே பெரும்பாலும் தாடையும் வேகமாக வளரும். பெண் பிள்ளைகளுக்கு இந்த வளர்ச்சி வேகம் பையன்களைவிட ஏறத்தாழ இரண்டு ஆண்டு முன்பே வரும். அவள் பெரியவளாகட்டும் என்று காத்திருக்காதீர்கள். பெரும்பாலும் அதற்குள் உச்சம் கடந்திருக்கும்.