நிலத்தை அளந்த முக்கோணங்கள்

முக்கோணவியலை ஏட்டில் மட்டும் நிறுத்தாமல் வெட்டவெளியில் கற்பித்த நிறுவனங்களுள், வானியலாளர் மைக்கேல் டாப்பிங்கின் முயற்சியால் 1794இல் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் எட்டு மாணவர்களுடன் தொடங்கி, பின்னாளில் கிண்டிப் பொறியியல் கல்லூரியாக வளர்ந்த நில அளவைப் பள்ளி குறிப்பிடத்தக்கது. கிழக்கிந்தியக் கும்பினி ஆட்சிக்கு வேண்டியிருந்தது வரைபடம்; கல்வித் தொண்டு அதன் நோக்கமன்று.

அத்தகைய அளவைப் பணியில், 1802இல் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். ஒரு பக்கமும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களையும் கணக்கிடலாம் என்பதால், அவ்வாறு பெற்ற பக்கமே அடுத்த முக்கோணத்துக்கு அடியாக அமைய, சங்கிலியின் தேவை வெகுவாகக் குறைந்தது. சமவெளியான தஞ்சாவூரில் குன்றுகள் இல்லாமையால், கோணங்களை அளக்கும் தியோடோலைட் என்னும் சுமார் அரை டன் கருவியை 1808இல் பெரிய கோயிலின் மேல் ஏற்றியபோது, கயிறு அறுந்து அது மோதிச் சேதமுற்றது. லாம்டனே அதைச் செப்பனிட்டார்.

தெரிந்த நீளத்தையும் கோணத்தையும் கொண்டு தெரியாத நீளத்தைக் காணும் இக்கணக்கை, மலேசியாவின் கெடா மாநில மெர்கோங் வட்டாரத்து மாணவருக்குக் காட்டக் குனோங் கெரியாங் போதும். சுமார் 218 மீட்டர் உயரமுள்ள அச்சுண்ணாம்புக் குன்றின் உச்சி, அதற்கு நேர் கீழுள்ள புள்ளியிலிருந்து அதே தொலைவில் சமதரையில் நிற்பவருக்கு ஏறத்தாழ 45 பாகை ஏற்றக் கோணத்தில் தெரியும். ஏனெனில் 45 பாகைக் கோணத்தின் டான்ஜென்ட், அதாவது எதிர்ப்பக்கத்துக்கும் அடுத்துள்ள பக்கத்துக்குமான விகிதம், ஒன்று. இவ்வாறு தொலைவிலிருந்து கணக்கிடும் உயரத்தோடு கண்மட்டத்தின் உயரத்தைக் கூட்ட மறக்கலாகாது.