விடுதலையும் நூறாண்டுத் தாமதமும்

உருசியச் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்சாந்தர் 1861இற் பண்ணையடிமைகளை விடுவித்தார். ஐக்கிய அமெரிக்காவில் இலிங்கனின் விடுதலைப் பிரகடனம் 1863இல் நடைமுறைக்கு வந்தது. 1865இல் அரசியலமைப்புத் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. பின்னர் உலக முதன்மைக்குப் போட்டியிட்ட இவ்விரு நாடுகளிலும் அவ்விடுதலை நிறைவெய்த ஒரு நூற்றாண்டு சென்றமை சிந்தித்தற்குரியது.

அமெரிக்கத் தென்மாநிலங்களில் எழுத்தறிவுச் சோதனையும் தலைவரியும் கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறித்தன. பாடசாலைகளை இனவாரியாகப் பிரித்தல் அரசியலமைப்புக்கு முரணானதென உயர் நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தது. எனினும் 1957 செத்தெம்பரில் லிட்டில் ரொக் நகரில் ஒன்பது மாணவர் பாடசாலை செல்லப் படைக்காவல் வேண்டியதாயிற்று. அடுத்த மாதமே சோவியத்து நாடு முதற் செய்மதியை ஏவியது. உலகத்தார் இரண்டையும் ஒருங்கே கண்டனர்.

செய்மதி ஏவிய நாட்டின் குடியானவர் நிலை யாது? 1897இல் ஐவரில் ஒருவரே எழுத்தறிந்திருந்த நாட்டிற் பெரும்பாலோரைக் கற்கச் செய்த சோவியத்து அரசின் சாதனை பெரிது. அதனை மறுத்தல் நேர்மையன்று. ஆயினும் 1932இல் அவ்வரசு புகுத்திய உள்நாட்டுக் கடவுச்சீட்டு கூட்டுப்பண்ணைக் குடியானவர்க்குப் பொதுவாக வழங்கப்படவில்லை. சீட்டின்றி நகரிற் குடியேறுதல் இயலாது. நிலக்கிழாரின் இடத்தில் அரசு அமர்ந்ததெனல் மிகையன்று.

அமெரிக்காவில் வழக்காடவும் பத்திரிகையில் எழுதவும் இடமிருந்தது. குருதி சிந்தியும் ஊர்வலஞ் சென்றனர். 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் அதன் பயன். சோவியத்துக் குடியானவனுக்கோ நீதிமன்றமும் பத்திரிகையும் தடைவிதித்த அரசின் கையிலேயே இருந்தன. அவனுக்குக் கடவுச்சீட்டு வழங்கிய 1974ஆம் ஆண்டுத் தீர்மானமும், 1861ஆம் ஆண்டுப் பிரகடனம் போன்று, மேலிருந்தே வந்தது.