திருவமுதுக் கறியின் அளவை

திண்டுக்கல்லினின்றும் பழநிக்குச் செல்லும் பெருவழியில் உள்ளது ரெட்டியார்சத்திரம். தைப்பூசக் காலத்தே முருகனடியார் பலர் கால்நடையாய் இவ்வழிச் செல்வர். அவர்க்கு அன்னம் பாலிப்பார் பச்சைக் காயை நிறுத்து வாங்குவர்; வெந்த கறியையோ அகப்பையால் முகந்து இடுவர். நிறுத்த காய் இத்துணையாயின் வெந்த கறி எத்துணைப் படியாம் என்னும் வினா அவர்க்கு ஆண்டுதோறும் எழுவதே. திருக்கோயில் மடைப்பள்ளிக்கும் இவ்வினா புதிதன்று.

கி. பி. ஒன்பதாம் நூற்றாண்டில் வரகுண மகாராசர், தொண்டைநாட்டுப் பெண்ணைக்கரை அரைசூரில் வீற்றிருந்தபொழுது, தமது 16ஆம் ஆட்சியாண்டில், முள்ளிநாட்டு இளங்கோய்க்குடித் திருப்போத்துடையார்க்கு 290 காசு வழங்கினார். இளங்கோய்க்குடி என்பது இன்றைய அம்பாசமுத்திரம். முதல் கெடாதிருக்க, காசு ஒன்றுக்கு ஆண்டுதோறும் இருகலமாகப் பொலிசை நெல் 580 கலம் அவ்வூர்ச் சபையார் அளத்தல் வேண்டும். கலம் பன்னிரு குறுணி, ஆண்டு 360 நாள் எனக் கொள்ளின், நாளொன்றுக்கு ஒரு கலமும் ஏழு குறுணியும் இரண்டு நாழிக்குச் சிறிது மிக்கும் வரும். இந்நெல்லைக்கொண்டே நாள்தோறும் திருவமுது நடைபெறுதல் வேண்டும்.

அக்கல்வெட்டின் நுட்பம் ஈண்டு நோக்கற்பாலது. அரிசியும் நெய்யும் தயிரும் நாழி, உரி, உழக்கு என முகத்தலளவையாற் குறிக்கப்பெற்றன. சர்க்கரையும் கறியும் மட்டும் பலத்தால் நிறுக்கப்பெற்றன. காய்க்கறி, புளிங்கறி, புழுக்குக்கறி எனக் கறியின் வகைகூறிய பின்னரும் அளவு பலமே. காரணம் வெளிப்படை. கீரை வெந்தால் ஒடுங்கி ஒரு பிடியாகும். சேனையும் வாழைக்காயும் அத்துணை ஒடுங்கா. புளிங்கறியோ நீர் சேரச் சேரப் பெருகும். வெந்த கறி உரி என விதித்திருப்பின், பரிகலத்தார் காயைக் குறைத்து நீரைக் கூட்டினும் கணக்கு நேராகவே தோன்றும். குறைவது இறைவன் திருவமுது. ஆதலின் அடுப்பேறுமுன்னரே நிறுத்தலை முன்னோர் விதித்தனர் எனக் கொள்ளுதல் பொருந்தும்.

தஞ்சை இராசராசேச்சுரத்தில் வழி வேறு. ஆங்குக் கறியமுதிற்கு விலையாக நெல்லே விதிக்கப்பெற்றது. அரிசிக்கு நெல் ஐந்துக்கு இரண்டு என்னும் வீதம். நெல்லளந்த மரக்காலுக்கும் பொன் நிறுத்த கல்லுக்கும் ஆடவல்லான் என்னும் ஒரே திருப்பெயர். அளவையில் வஞ்சிப்பார் யாரை வஞ்சிப்பாராவர் என்பதை அப்பெயரே உணர்த்தும்.

முகத்தலளவைக்கு அடிப்படை நெல்மணி. மணி 360 கொண்டது செவிடு. ஐந்து செவிடு ஆழாக்கு. எட்டு ஆழாக்கு நாழி. ஆகவே நாழிக்கு மணி 14,400. இதனை மாற்றுதல் எளிது. பலமோ அன்னதன்று. ஆங்கில அரசினர் காலத்துச் சென்னை மாகாணத்தில் பலம் மூன்று தோலா. நாற்பது பலம் வீசை. பலம் ஏறத்தாழ 35 கிராம். இவ்வெண்ணை வரகுணர் காலத்துப் பலத்துக்கும் ஏற்றிக் கணக்கிடுவார் சிலர், அது பிழை. இடையே ஆயிரம் ஆண்டுகள் உள்ளன. ஊர்தோறும் எடைக்கல் வேறுபட்டிருந்தது.

1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் பலமும் வீசையும் படிப்படியாகக் கடைகளினின்று நீங்கின. கட்டளைப் பத்திரங்களில் அவை நீங்கவில்லை. அவற்றைக் கிராமாக மாற்றுவோர், எக்காலத்து எவ்வூர்ப் பலம் என்பதை முதற்கண் துணிந்து, பச்சைக் காயின் நிறையையே எழுதி வைத்தல் வேண்டும். வெந்த கறியின் படியை எழுதுதல் கூடாது.