நிக்கேயாவின் சூளைகள்

துருக்கி நாட்டின் வடமேற்கே, ஏரிக்கரையொன்றில், ஒலிவத் தோப்புகளிடையே அமைதியாக விளங்குகிறது இஸ்னிக் என்னும் சிறு நகரம். பண்டு நிக்கேயா என வழங்கிய ஊர் இதுவே. இன்று அங்குச் செல்வோர் சிதைந்த கோட்டை மதிலையும் அதன் பெருவாயில்களையும் காணலாம். கி.பி. 325-ல் ரோமச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவ மேற்றிராணிமாரை இங்கே கூட்டி, மதக் கொள்கையை வரையறுக்கச் செய்தான். 1331-ல் உதுமானிய மன்னன் ஓர்ஹான் இந்நகரைக் கைப்பற்றினான். சரித்திர நூல்கள் பெரும்பாலும் இத்தகையோரைப் பற்றியே பேசும்.

ஆயின், இவ்வூரின் பெயரை அழகுக்கே பெயராக்கியவர்கள் மன்னரல்லர், குயவர். 16-ம் நூற்றாண்டில் அவர்கள் வெண்கல் பொடியைக் களிமண்ணோடு பிசைந்து, நீலமும் பச்சையும் பவளச் சிவப்பும் தீட்டிச் சுட்ட ஓடுகள், இஸ்தான்புல் நகரத்து சுலைமானியா, ருஸ்தம் பாஷா பள்ளிவாசல்களை இன்றும் அலங்கரிக்கின்றன.

அத்தகைய தொழில் நசித்தது ஏன்? ஓட்டின் விலையை அரண்மனையே நிர்ணயித்தது. நாட்டில் பண்டங்களின் விலை ஏறியபோதும், குயவனுக்குக் கிடைத்தது அதற்கேற்ப ஏறவில்லை. பெருங் கட்டிட வேலைகளும் குறைந்தன. 17-ம் நூற்றாண்டின் நடுவில் அங்குச் சென்ற யாத்திரிகர் எவ்லியா செலெபி, எஞ்சிய 9 பட்டறைகளையே குறிப்பிடுகிறார். பின்னர் அவையும் அணைந்தன. அச்சிவப்பை ஆக்கும் நுட்பமும் மறைந்தது. 20-ம் நூற்றாண்டின் இறுதியில்தான் அவ்வூரில் அத்தொழில் மீண்டும் தளிர்த்தது.

மதிலை இடிக்கப் படை வேண்டும். சூளையை அணைக்க அது வேண்டியதில்லை. உழைப்பவன் கூலியைக் குறைத்தாலே போதும். கலையைப் போற்றுவோர் முதலில் கலைஞனின் அடுப்பு எரிகிறதா என்று பார்க்கக் கடவர்.