கேப்டன் ஹாடக்கின் மாளிகை

காட்டாங்குளத்தூர் ரயிலில் நான் வாசித்த டின்டின் ஆங்கிலத்தில்தான். அதில் கேப்டன் ஹாடக்கின் மூதாதைக்கு மார்லின்ஸ்பைக் மாளிகையைத் தந்தவர் இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ். பிரெஞ்சு மூலத்திலோ பதினான்காம் லூயி. மொழிபெயர்த்தால் அரசனே மாறிவிடுகிற வம்சாவளி. கட்டிடமும் இரவல்: பிரான்ஸின் ஷெவெர்னி மாளிகையை, இரு ஓரப் பகுதிகளையும் வெட்டிவிட்டு, எர்ஜே வரைந்துகொண்டார்.

கதை 1942-43இல், ஜெர்மானியர் வசமிருந்த 'லு ஸ்வார்' தினசரியில் வந்தது. வெளியே பிரஸ்ஸல்ஸில் ஆக்கிரமிப்பு, ரேஷன். உள்ளே நிலவறையில் கடற்கொள்ளையனின் புதையல். (குழந்தைகளுக்கானது என்று நம் விமர்சகர்கள் இதைத் தொடமாட்டார்கள்.) கேப்டனுக்கு வீடு வாரிசுரிமையாக வரவில்லை. பழம்பொருள் வியாபாரிகளான இரண்டு கயவர்கள் அதில் இருந்தார்கள்; பிறகு விற்பனைக்கு வந்தபோது, நீர்மூழ்கிக் காப்புரிமையை விற்ற பணத்தில் பேராசிரியர் கால்குலஸ் வாங்கித் தருகிறார். பரம்பரைச் சொத்து ரொக்கத்துக்குக் கிடைக்கிறது.

வீட்டோடு நெஸ்டரும் வருகிறான். கயவர்களுக்கு ஊழியம் செய்த பட்லர். விவரம் அறியாமல் செய்தான், குற்றமற்றவன் என்று தீர்ப்பாகி அங்கேயே நீடிக்கிறான். 1944 செப்டம்பரில், ஆக்கிரமிப்பாளர் பத்திரிகையில் வரைந்ததற்காக எர்ஜே கைதானார். 1946 வரை பத்திரிகைகளில் அவருக்கு இடமில்லை. நெஸ்டர் அதற்கு முன்பே வரையப்பட்டவன். அவனுடைய பணிவை என்னால் இப்போது சந்தேகமின்றிப் பார்க்க முடிவதில்லை.